நம் நெஞ்சில் நின்ற படங்கள்

“குடும்பத்தோடு அமர்ந்து காணத்தக்க படங்கள் நாலைந்து சொல்லுங்களேன்” என்று ஸ்ரீமுஷ்ணத்திலும் விருத்தாசலத்திலும் நம்மைக் காணும் பெற்றோர் கேட்பதுண்டு. கேள்வி எளிது, விடை எளிதன்று. ஆண்டுக்கு இருநூறுக்குக் குறையாமல் தமிழ்ப் படங்கள் வெளிவரும் நாட்டில் எதை எடுப்பது, எதை விடுப்பது? ஆகவே நமக்கென ஓர் எல்லை வகுத்துக்கொண்டோம். 2012 முதல் 2021 வரை வெளிவந்த படங்களுள், பார்த்து முடித்தபின் வீட்டில் பேச்சைக் கிளப்பியவை எவை? சாப்பாட்டு இலையின் முன்னும் பேசப்பட்டவை எவை? அவற்றை மட்டுமே இங்குக் குறிக்கிறோம். இது நம் விருப்பப் பட்டியல். பரிசளிப்புக் குழுவின் தீர்ப்பன்று. வாசகர் மாறுபடலாம்.

இந்தப் பத்தாண்டுகளில் படம் பார்க்கும் முறையே மாறிவிட்டது. முன்பு சுவரொட்டியைக் கண்டு, அக்கம்பக்கத்தாரைக் கேட்டு, பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று தீர்மானிக்கப் பெற்றோருக்கு அவகாசம் இருந்தது. 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் திரையரங்குகள் மூடப்பட்டபின், புதுப்படம் நேரே கைப்பேசிக்கு வந்தது. பீங்கான் பட்டறையில் சூளைச் சூட்டில் நின்றுவிட்டு வீடு திரும்பும் தந்தை, திண்ணையில் அமர்ந்து உள்ளங்கையளவு திரையில் படம் பார்க்கிறார். மகன் வேறொரு மூலையில் வேறொன்றைப் பார்க்கிறான். ஒரே வீட்டில் நால்வர் நான்கு படம் காண்கையில், பேச்சுக்கு இடமேது?

நம் பகுதியின் கதையாகிய ‘ஜெய் பீம்’ அப்படித்தான் வந்தது. 2021 நவம்பர் 2-ஆம் நாள், எந்தத் திரையரங்கிலும் திரையிடப்படாமல், அமேசான் பிரைம் வழியாக வீடுகளுக்குள் நுழைந்தது. இயக்கியவர் த. செ. ஞானவேல். தயாரித்தவர்கள் நடிகர் சூர்யாவும் ஜோதிகாவும். கதை நிகழும் இடம் விழுப்புரம் மாவட்டம் என்றும் காலம் 1995 என்றும் படம் சொல்லும். உண்மை நிகழ்ந்ததோ 1993-இல். அன்றைய தென்னார்க்காடு மாவட்டம், விருத்தாசலத்தை அடுத்த முதனை என்னும் சிற்றூரில். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலம் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரமே. கம்மாபுரம் காவல் நிலையம் என்ற பெயரும் நம்மவர்க்குப் புதிதன்று.

நடந்தது இது. நகை களவு போயிற்று என்ற புகாரின்பேரில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளி ஒருவரும் அவருடைய உறவினரும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டனர். அடி தாங்காமல் அவர் இறந்தார். ‘தப்பி ஓடிவிட்டார்’ என்று எழுதி வைத்தனர். மனைவி நம்பவில்லை. மார்க்சியக் கட்சித் தோழர்களின் துணையோடு சென்னைக்குச் சென்று, வழக்கறிஞர் சந்துருவின் வழியே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். ‘ஆளைக் கொண்டுவந்து நிறுத்துக’ என்று நீதிமன்றம் காவல் துறைக்குக் கட்டளையிடச் செய்யும் மனு அது. இறந்தவரைக் கொண்டுவந்து நிறுத்துவது எங்ஙனம்? அந்த ஒரு கேள்வியிலேயே பொய்க் கட்டடம் சரியத் தொடங்கிற்று. ஆயினும் குற்றம் புரிந்த காவலர்மீது உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2006 ஆயிற்று. பதின்மூன்று ஆண்டுகள்! அதே 2006-இல்தான் சந்துரு அந்த நீதிமன்றத்திலேயே நீதிபதியாகப் பொறுப்பேற்றார்.

படத்தில் அந்த மனைவியின் பெயர் செங்கேணி. கேரளத்துப் பெண்ணான லிஜோமோள் ஜோஸ் அந்த வேடத்தை ஏற்றிருக்கிறார். வேடம் என்று சொல்லவே நாக்குக் கூசுகிறது. நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் அலைவதைப் பார்க்கையில், கலை, நடிப்பு என்ற சொற்கள் மறந்துபோகின்றன. ஒரு காட்சியைச் சொல்லவேண்டும். காவல் நிலையத்துக்கு வரவழைக்கப்பட்ட செங்கேணியை, மேலிடத்துக் கட்டளை வந்ததும், மரியாதையாக வண்டியில் ஏற்றி வீட்டில் விடுகிறோம் என்கிறார்கள். அவர் மறுத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். காவல் வண்டி பின்னால் ஊர்ந்து வருகிறது. தெருவே நின்று பார்க்கிறது. உரையாடல் அதிகமில்லை, நடை மட்டுந்தான். அந்த நடைக்காகவே இப்படத்தை நம் பட்டியலின் தலைமேல் வைத்தோம்.

குறை இல்லையா? உண்டு. வழக்கறிஞராகச் சூர்யா தோன்றியபின் படம் மெல்ல மெல்லக் கதாநாயகனின் படமாகிவிடுகிறது. அடித்துச் சித்திரவதை செய்யும் காட்சிகள் வேண்டியதினும் நீளம். சிறுவரை உடன் வைத்துக்கொண்டு காணலாகாது. எல்லாவற்றிலும் பெரிய கேள்வி மற்றொன்று. குறவர் சமூகத்தாருக்கு நேர்ந்ததைப் படம் இருளர் சமூகத்தாருக்கு நேர்ந்ததாக மாற்றிக் காட்டியது. படம் வெளிவரும் முன்பே இருளர் கல்விக்கென ஒரு கோடி ரூபாயைத் தயாரிப்பாளர்கள் முதலமைச்சர் முன்னிலையில் வழங்கினர். நல்ல செயல்தான். ஆனால் உண்மையில் கணவரை இழந்தவரோ எளிய வீட்டில் முதுமையைக் கழித்துக்கொண்டிருந்தார். அதைப் பலரும் சுட்டிக்காட்டிய பிறகு அவர் பெயரில் பத்து இலட்சம் ரூபாய் வைப்பாக இடப்படும் என்று சூர்யா அறிவித்தார். ஒருவருடைய துயரத்தைக் கதையாக எடுத்துக்கொள்ளும் கலைஞன் அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? படத்தைக் காட்டிலும் இக்கேள்விதான் நம் வீட்டில் நெடுநேரம் பேசப்பட்டது.

கணவனை இழந்த மற்றொரு பெண் நீதிமன்றத்தில் நிற்கும் படம் ஒன்றும் இதே பத்தாண்டில் வந்தது. 2012-இல் சீனு ராமசாமி இயக்கிய ‘நீர்ப்பறவை’. கடலோரக் கத்தோலிக்க மீனவர் வாழ்வைக் காட்டும் படம். தமிழ்ப் படங்களில் கிறிஸ்தவர் என்றால் ஆங்கிலம் கலந்து பேசுவோராகவோ, கள்ளச் சாராயம் விற்போராகவோ வந்துபோன காலம் நெடிது. இங்கேதான் கோயில் மணியும் வலையும் செபமாலையும் மீன்கூடையும் ஒன்றாக இருக்கின்றன. எஸ்தர் என்னும் முதியவள் (நந்திதா தாஸ்) தன் கணவன் அருளப்பசாமியின் உடலை வீட்டுக்குள்ளேயே புதைத்து வைத்துப் பல ஆண்டுகள் காத்திருக்கிறாள். மகன் அதைக் கண்டுபிடிக்க, பழங்கதை விரிகிறது. குடிக்கு அடிமையாகித் தாயை வாட்டிய இளைஞன், காதலால் திருந்தி, படகு வாங்கிக் கடலுக்குச் சென்று, துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகித் திரும்பிய கதை. அவனுக்குப் படகு கட்டித் தருபவர் ஓர் இஸ்லாமியர். சமுத்திரக்கனி ஏற்ற சிறு வேடம், ஆனால் மறக்க இயலாதது.

தாயாக வரும் சரண்யா பொன்வண்ணனை நம் பங்கில் எத்தனை வீடுகளில் கண்டிருக்கிறோம்! குடிகார மகனுக்காகத் தெருத்தெருவாய் அவமானப்பட்டு, அவனுக்கே சோறு எடுத்து வைக்கும் தாய் அவர். படத்தின் பாடல் ஒன்றில் திருமறைச் சொற்களைக் காதலுக்கு எடுத்தாண்டதாக எதிர்ப்பு எழுந்து, கவிஞர் வைரமுத்து சொற்களை மாற்றித் தர இசைந்ததும் அப்போது செய்தியாயிற்று. பாட்டைப் பற்றிப் பேசிய அளவுக்குப் படத்தைப் பற்றியும், குண்டடிபட்ட மீனவரைப் பற்றியும் நம்மவர் பேசியிருக்கலாம் என்பது நம் எண்ணம்.

அதே 2012-இல் வந்த பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் முகத்தில் அமிலம் வீசப்படுகிறது. விசாரிக்கும் காவல் அதிகாரி பணத்துக்கு விலைபோகிறார். வளரும் பிள்ளைகள் கைப்பேசியில் சிக்கிச் சீரழிவதை இதற்கு முன் இவ்வளவு கூர்மையாகச் சொன்ன தமிழ்ப் படம் நாமறிய இல்லை. ஆனால் முடிவில் அந்தப் பெண்ணே அதிகாரியின் முகத்தில் அமிலம் வீசுகிறாள். திரையரங்கில் கை தட்டினார்கள். நமக்கு அது உடன்பாடன்று. அவளுக்கு நேர்ந்ததைக் கண்டு பதறிய கண்கள் அதையே இன்னொருவருக்கு நேரக் கண்டு மகிழ்வது எப்படி?

ஆசிரியர்களும், ஆசிரியர் உள்ள குடும்பங்களும் தவறாமல் காணவேண்டிய படம் ‘குற்றம் கடிதல்’. இயக்குநர் பிரம்மா, 2015-இல் திரைக்கு வந்தது, இதுவும் தேசிய விருது பெற்றதே. பெயர் திருக்குறளின் 44-ஆம் அதிகாரத் தலைப்பு. மெர்லின் என்னும் இளம் ஆசிரியை கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, வேற்றுச் சமயத்தவரை அண்மையில் மணந்தவர். வகுப்பில் பிறந்தநாள் கொண்டாடிய சிறுமிக்கு முத்தமிட்டு வாழ்த்தினான் ஒரு சிறுவன். விசாரிக்கையில் அவன் சொன்ன பதில் துடுக்காகப் படவே, மெர்லின் கன்னத்தில் ஓர் அறை விடுகிறார். சிறுவன் மயங்கி விழுகிறான்.

அவ்வளவுதான் கதை. பிறகு நிகழ்வன எல்லாம் அந்த ஓர் அறையின் எதிரொலிகள். பள்ளி நிர்வாகம் அஞ்சுகிறது. ஆசிரியை ஊரைவிட்டு அகற்றப்படுகிறார். தொலைக்காட்சிக்காரர்கள் குவிகிறார்கள். பிள்ளையின் மாமன் கொதிக்கிறார். இயக்குநர் எவரையும் வில்லனாக்கவில்லை. இதுவே இப்படத்தின் அருமை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மாணவரை உடலாலோ மனத்தாலோ வருத்தித் தண்டிப்பதைத் தடை செய்துவிட்டது, எல்லாரும் அறிவர். ஆனால் ‘கண்டிப்பான பள்ளி’ என்று தேடிப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் நம்மிடையே இன்றும் உளர். ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்’ என்று ஆசிரியரிடம் சொல்லிச் செல்லும் தந்தையரும் உளர். அடிபட்ட பிள்ளையின் ஏழைத் தாயைத் தேடி ஆசிரியை தாமே போகிறார். வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்தோ நிர்வாகம் அனுப்பியோ அல்ல. அந்த இரு பெண்களும் எதிரெதிரே நிற்கும் இடத்தில் நாம் எழுத ஒன்றுமில்லை, காண்க.

2018-ஆம் ஆண்டு தமிழ்த் திரைக்கு நல்ல ஆண்டு. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ அவ்வாண்டு வந்தது. சட்டக் கல்லூரியில் பயிலவரும் தலித் இளைஞன் படும் இழிவுகளைச் சொல்லும் கதை. கூத்துக் கலைஞராகிய தந்தையை மாணவர்கள் தெருவில் ஓடவிட்டு அவமதிக்கும் காட்சியில் முதியவர் தங்கராசு நடித்தார். அவர் உண்மையிலேயே நாட்டுப்புறக் கலைஞர். முடிவில், அவனை வெறுத்த மனிதரும் அவனும் அருகருகே தேநீர் குடிக்கிறார்கள். இரண்டு கண்ணாடிக் குவளைகள், ஒன்றில் பால் கலந்தது, மற்றொன்றில் கலவாதது; இடையே ஒரு மல்லிகைப் பூ. பழி வாங்கலுமில்லை, போலிச் சமாதானமுமில்லை. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச் சுவர் எழுப்பிய கதைகள் நம் சபையிலும் உண்டு என்பதை அறிந்தோர்க்கு, அக்குவளைகள் வெறும் அலங்காரமல்ல.

அதே ஆண்டில் வந்த லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ ஓசையின்றி வந்து ஓசையின்றிப் போயிற்று. விஜய் சேதுபதி தயாரித்தும் அவர் அதில் நடிக்கவில்லை. ஏலக்காய் மூட்டை சுமந்து மலை ஏறி இறங்கும் ரங்கசாமிக்குக் காணி நிலம் வாங்க ஆசை. காசு சேர்ப்பான், ஏதேனும் ஒன்று நேர்ந்து கை நழுவும். வாங்கிய பின்னோ, கடனில் அது போய்விடும். கடைசியில் தன் நிலமாயிருந்த இடத்தில் எழுந்த காற்றாலைக்கே காவலாளியாக நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். ஒளிப்பதிவுக் கருவி மேலே மேலே எழும்ப, அவன் புள்ளியாகிறான். சுற்றிலும் நூற்றுக்கணக்கான காற்றாலைகள். 2023 ஜூலையில், நமக்கு அண்மையிலுள்ள சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்கத்துக்கான பரவனாற்றுக் கால்வாய் வெட்டவென்று, பயிர் நின்ற நெல்வயலில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. அச்செய்தியைக் கண்ட அன்று ரங்கசாமி நினைவுக்கு வந்தான். நிலத்துக்கு விலை தரப்பட்டதா, இல்லையா என்ற வழக்கு ஒருபுறம். பயிரைப் பார்த்து நின்றவர் முகம் வேறொருபுறம்.

‘96’, ‘டு லெட்’, ‘ஜோக்கர்’, ‘விசாரணை’ என்று விடுபட்டவற்றைச் சொல்லி நம்மோடு வழக்காடுவோர் இருப்பர். நியாயமே. ‘விசாரணை’ சிறந்த படம். ஆனால் இரண்டாம் முறை காணும் துணிவு நமக்கில்லை. ‘டு லெட்’ வாடகை வீடு தேடி அலைந்தவர்க்கு நன்கு விளங்கும்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் எதைக்கொண்டு தொடங்குவது என்று கேட்டால், தயங்காமல் ‘காக்கா முட்டை’ என்போம். 2015-இல் மணிகண்டன் இயக்கியது. சென்னைச் சேரியில் வாழும் அண்ணனும் தம்பியும் காக்கை முட்டை குடித்து வளர்வதால் அப்பெயர். தந்தை சிறையில், தாய் வேலைக்குப் போகிறார், பிள்ளைகள் இரயில் பாதையோரம் சிதறிய கரி பொறுக்குகிறார்கள். அவர்கள் விளையாடிய திடலின் மரம் வெட்டப்பட்டு, அங்கே பீட்சா கடை எழுகிறது. துண்டுக் காகிதத்தில் கண்ட படத்துக்கு மயங்கி, ஏறத்தாழ முந்நூறு ரூபாய் சேர்க்கப் புறப்படுகிறார்கள். அவர்கள் ஏக்கம் பொறாத பாட்டி வெங்காயமும் தக்காளியும் தூவித் தோசை வார்த்து ‘இதுதான் பீட்சா’ என்கிறார். பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். அடியும் அவமானமும் பட்டு, ஊரெல்லாம் அது பெரிய செய்தியாகி, கடைசியில் கடை முதலாளியே அவர்களை வரவேற்று உள்ளே அமர்த்துகிறார். முதல் துண்டை வாயில் வைக்கிறார்கள். மென்று பார்க்கிறார்கள். ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பாட்டி சுட்ட தோசையே தேவலாம் என்கிறார்கள். பாட்டி அப்போது உயிரோடில்லை.