ஏழு மணியும் எட்டு மணியும்

சகோதரிகளே, உங்கள் வீட்டில் காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே என்ன நடக்கிறது? அடுப்பில் பால் பொங்குகிறது. பெரியவளுக்குத் தலை பின்ன வேண்டும். சின்னவன் ஒற்றைச் செருப்பைத் தேடி வீட்டைத் தலைகீழாக்குகிறான். "காப்பி என்ன ஆச்சு?" என்று கூடத்திலிருந்து ஒரு குரல்! அந்த ஒரு மணி நேரத்தை யாராவது உங்களிடமிருந்து பறித்துக்கொண்டால் குடும்பம் என்ன பாடுபடும்?

போலீஸ் உத்தியோகம் பார்க்கும் பெண்களுக்கு நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. காலை ஏழு மணிக்கு 'ரோல் கால்'. உடுப்பு மாட்டி, வரிசையில் நின்றாக வேண்டும். 2023 மார்ச் 17-ஆம் தேதி சென்னையில் நடந்த பெண் காவலர் பொன்விழாவில், அந்த ஏழு மணி எட்டு மணியாகும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். ஆண்களுக்கு அது சின்னச் செய்தி. அதன் விலை நமக்கல்லவா தெரியும்?

தமிழ்நாட்டுப் போலீசில் பெண்கள் சேர்ந்தது 1973-ல். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஓர் ஏட்டு, இருபது காவலர்கள். ஆக மொத்தம் 22 பேர்! 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. பிறகு நம் சங்கரன்கோவிலுக்கும் ஒன்று வந்தது. புருஷன் அடித்தான், மாமியார் நகை கேட்டாள் என்று கண்ணீரோடு அங்கே போகிறோம். நம் கதையைப் பொறுமையாகக் கேட்கும் அந்தப் பெண்ணின் குழந்தையும் வீட்டில் அழுதுகொண்டிருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கிறோமா?

ஆடித்தபசு நாளை எண்ணிப் பாருங்கள். கோமதி அம்மனின் தபசுக் காட்சிக்கு ஊரே திரண்டு நிற்கிறது. எல்லோரும் சுவாமியைப் பார்த்து நிற்க, காக்கி உடுப்புக்காரி மட்டும் சுவாமிக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்கிறாள். நம் குழந்தை தொலையாமல் இருக்க வேண்டுமே!

அவள் குழந்தையை யார் பார்ப்பது? இதற்குத்தான் சில நல்ல ஏற்பாடுகள் வந்தன. 2021 ஜூலை முதல் தமிழக அரசுப் பெண் ஊழியர்களின் பிரசவ விடுப்பு ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாயிற்று. காவலர்களுக்கு வார ஓய்வும் அதே ஆண்டில் உத்தரவாயிற்று. குழந்தைகள் காப்பகம், நிலையங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, ஓய்வறை ஆகியவை பொன்விழா அறிவிப்பில் சேர்ந்தன.

2024 ஆகஸ்டில் வந்த அறிவிப்பு இவற்றையெல்லாம்விடப் பெரியது. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலருக்குப் பெற்றோரோ கணவர் வீட்டாரோ வசிக்கும் இடத்திலேயே மூன்று ஆண்டு வேலை! சங்கரன்கோவில் பெண் சென்னையில் வேலை பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் தாயாரா தொட்டில் ஆட்ட முடியும்? தென்காசி மாவட்டத்துக்கே வந்துவிட்டால் பாட்டியின் மடி இருக்கிறது; கவலை பாதி தீர்ந்தது.

ஆனால், உத்தரவு காகிதத்தில் இருந்தால் மட்டும் போதுமா? திருவிழா வந்தாலும், தேர்தல் வந்தாலும், முதலில் பறிபோவது ஓய்வு நாள்தான். நிலையத்தில் ஆள் குறைவென்றால் அதிகாரிதான் என்ன செய்வார்? போதிய ஆட்களை நியமித்தால்தான் சலுகை சலுகையாக நிற்கும். வீட்டார் மனமும் மாற வேண்டும். இரவுப் பணி முடித்து வந்தவளிடம், "இட்லிக்கு மாவு அரைக்கவில்லையா?" என்று கேட்கும் வீட்டுக்கு எந்த அரசாங்க உத்தரவும் எட்டாது.

பத்தாம் வகுப்புத் தேறிய உங்கள் பெண், "அம்மா, நான் போலீசில் சேரட்டுமா?" என்று கேட்கலாம். "ஏட்டி, உனக்கு எதுக்கு அந்த வேலை?" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அரசு வேலையில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு இருக்கிறது. மேலே சொன்ன சலுகைகளும் இருக்கின்றன. வேலையின் சிரமத்தையும் சேர்த்துச் சொல்லி, முடிவை அவளிடமே விடுங்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு போலீஸ்காரப் பெண் குடியிருந்தால், அடுத்த ஆடித்தபசன்று அவள் குழந்தையை உங்கள் வீட்டில் விட்டுப்போகச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு ஒரு தட்டு கூட வையுங்கள். அதற்கு அரசாங்க உத்தரவு எதுவும் வேண்டியதில்லை.