சூடோ போட்டால் சரியாகிவிடுமா?

காவேரிப்பட்டினத்தில் எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர் உபுண்டு 24.04 லேப்டாப்போடு வந்தார். "அண்ணா, நாளைக்கு புராஜெக்ட் ரிவ்யூ. அப்டேட் புரோகிராமே திறக்க மாட்டேங்குது!"

ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் மாட்யூலை நிறுவ முயன்றிருக்கிறார். நல்ல மாட்யூல்தான். 'காவேரிப்பட்டினம்' எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேட்டால் காலையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி 16 என்கும். இது சரியாக 9 என்று சொல்லும்.

பிப் நிறுவ மறுத்திருக்கிறது. உடனே 'சூடோ'வும் 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்ற சுவிட்சும் சேர்த்து, வேறு சில லைப்ரரிகளையும் அப்கிரேடு செய்துவிட்டார். 'சிஸ்டத்தை உடை' என்று பெயரிலேயே இருக்கிறதே, தம்பி!

உபுண்டுவின் பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. அவற்றுக்கான லைப்ரரியின் வெர்ஷன் மாறினால் அவை படுத்துவிடலாம். இதனால்தான் 2023-ல் வந்த டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் இந்தத் தடை. தவிர, சூடோ போட்டால் முன்பின் தெரியாத மாட்யூலின் நிறுவல் ஸ்கிரிப்ட்டுக்கும் ரூட் அதிகாரம் கிடைக்கிறது.

அவர் சேர்த்தவை 'யூஎஸ்ஆர்/லோக்கல்' ஃபோல்டரில் இருந்தன. நீக்கியதும் பழைய லைப்ரரிகள் வேலைக்குத் திரும்பின.

சரியான வழி என்ன? 'பைத்தான்3-வென்வ்' பேக்கேஜை ஆப்ட் மூலம் நிறுவுங்கள். இதற்கு சூடோ தேவை, தவறில்லை. பிறகு டெர்மினலில் 'பைத்தான்3 -எம் வென்வ் பாடம்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் 'பாடம்' என்ற ஃபோல்டர் உருவாகும். 'சோர்ஸ் பாடம்/பின்/ஆக்டிவேட்' கொடுத்துவிட்டு, சூடோ இல்லாமலே பிப் மூலம் நிறுவலாம். ஃபோல்டர் உங்களுடையது, அனுமதியும் உங்களுடையது. ஏதாவது கெட்டால் அந்த ஃபோல்டரை அழித்துவிடுங்கள்.

தம்பியின் லேப்டாப்பில் இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.