பெண்களுக்கான ஸ்கீ: கலர் மட்டும்தான் வேறயா? வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

பனிச்சறுக்கு மலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைகளில் ஒரு சுவர் முழுக்க ஆண்களுக்கான ஸ்கீ, எதிர்ச் சுவரில் பெண்களுக்கானது என்று பிரித்து வைத்திருப்பது வழக்கம். பத்து வருடம் சறுக்கிப் பழகிய பெண் வந்தாலும் கை காட்டுவது அந்த இரண்டாவது சுவரைத்தான். அங்கே இருப்பது அவருக்குப் பொருந்துமா? பொருந்தலாம். பொருந்தாவிட்டால் 600, 700 டாலர் வீண்.

ஆல்-மவுண்டன் ஸ்கீ என்றால் மலை முழுக்க ஒரே ஜோடி. இயந்திரம் ஓட்டிச் சமன் செய்த பாதை, மேடுபள்ளம், மரங்களுக்கு நடுவே, நேற்றிரவு விழுந்த புதுப் பனி என எல்லா இடத்துக்கும் ஓரளவு ஒத்துப்போகும். ஆரம்ப நிலையைத் தாண்டியவர்கள் அதிகம் வாங்குவது இதைத்தான்.

'பெண்களுக்கான' என்றால் என்ன?

ஒரு காலத்தில் ஆண்கள் மாடலின் நீளத்தைக் குறைத்து, மெதுவாக வளைகிற மாதிரி செய்து, மேலே பூப்போட்டு விற்றார்கள். பெண்ணின் இடுப்பெலும்பும் உடலின் ஈர்ப்பு மையமும் வேறு, அதனால் காலணியைப் பூட்டும் பைண்டிங் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் ஜீனி தோரன் பல வருடம் வாதாடினார். இன்று பல மாடல்களில் வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறது: உள்ளே இருக்கும் மரம் லேசானது, நீளங்கள் குறைவு, சிலவற்றில் பைண்டிங் சற்றே முன்னால்.

ஆனால் ஸ்கீக்கு ஆண், பெண் தெரியாது. மேலே நிற்பவரின் எடை, பலம், வேகம் மட்டும்தான் தெரியும். 75 கிலோ எடையோடு வேகமாக இறங்கும் பெண்ணுக்கு மென்மையான, குட்டையான ஸ்கீயைக் கொடுத்தால் கடினப் பனியில் நுனி படபடவென்று அடிக்கும், விளிம்பு பிடிக்காது. 'என் டெக்னிக்தான் சரியில்லை போல'ன்னு அவர் நினைத்துக்கொள்வார். பாதிப் பிரச்சினை பலகையில் இருக்கும்.

அப்படிப்பட்டவர்கள் கேட்க வேண்டியது டைட்டனால் தகடு வைத்த மாடல். (பெயரைப் பார்த்து டைட்டானியம் என்று ஏமாற வேண்டாம், அது அலுமினியக் கலவை.) வோல்க்ல் நிறுவனத்தின் சீக்ரெட் 96 போல, பெண்கள் வரிசையிலேயே டைட்டனால் உள்ளவை கிடைக்கின்றன. தேவையான நீளம் அங்கே இல்லையா? எதிர்ச் சுவருக்குப் போவதில் தப்பே இல்லை. உடம்பு லேசாக இருக்கிறவர்களுக்கு நேர் எதிர்: உலோகம் கனம், மதியத்துக்குள் கால் சோர்ந்துவிடும்.

நீளத்துக்குப் பொதுவான கணக்கு, நடுத்தர நிலையில் மூக்கு உயரம், வேகமாகப் போகிறவர்களுக்கு நெற்றி அல்லது தலை உயரம். நுனி மேல்நோக்கி வளைந்த 'ராக்கர்' வகையில் பனியைத் தொடும் விளிம்பு குறைவு என்பதால் சில சென்டிமீட்டர் கூடுதலாக எடுக்கலாம்.

பெயரில் இருக்கும் அந்த எண்

பிளிஸார்ட் நிறுவனத்தின் பிளாக் பேர்ல் 88 என்றால், காலணிக்குக் கீழே ஸ்கீயின் அகலம் 88 மில்லிமீட்டர். அகலம் குறைந்தால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சட்டென்று மாறலாம், கூடினால் புதுப் பனியில் மிதக்கும். பனி அடிக்கடி இறுகி ஐஸ் ஆகிவிடும் வெர்மான்ட்டில் 80 முதல் 90 வரை போதும். ஆழமான, உலர்ந்த பனி கொட்டும் யூட்டாவில் 95-க்கு மேல் போனால்தான் சுகம். விடுமுறைக்கு எங்கே போக ஆசை என்பதை வைத்து அல்ல, வருடத்தில் அதிக நாள் எங்கே சறுக்குகிறோம் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்கணும்.

முழங்கால் விஷயம்

முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவது பனிச்சறுக்கில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். விழும்போது காலணியை விடுவிக்கும் பைண்டிங், முக்கியமாகக் கீழ்க்கால் எலும்பு முறிவைத் தடுக்க உருவானது. முழங்காலுக்கு அது முழுப் பாதுகாப்பு இல்லை. அதன் அளவை எடை, உயரம், வயது, காலணி அடிப்பாகத்தின் நீளம், சறுக்கும் பாணி ஆகியவற்றை வைத்து டெக்னீஷியன் அமைப்பார். எடையைக் குறைத்தோ, திறமையைக் கூட்டியோ சொல்வது இங்கே வேண்டாத வேலை.

பெண்களுக்கான பூட்ஸ் மட்டும் வெறும் விளம்பரம் இல்லை. பல பெண்களுக்குக் கெண்டைக்கால் சதை கீழே இறங்கியிருக்கும், அதற்கேற்ப மேல்விளிம்பு தாழ்வாக இருக்கும். பட்ஜெட் இடித்தால் முதலில் பூட்ஸ், பிறகு ஸ்கீ.

மலையடிவாரக் கடைகள் பலவற்றில் புது மாடல்களை 'டெமோ' வாடகைக்கு எடுக்கலாம்; வாங்கினால் அந்த வாடகையைக் கழித்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. ஒரே மாடலில் இரண்டு நீளங்களை ஒரே நாளில், காலையில் ஒன்று மதியம் ஒன்று என்று ஓட்டிப் பாருங்கள். சீசன் முடிகிற நேரத்தில் விலை இறங்கும். அடுத்த வருட மாடலில் மேல் ஓவியம் மட்டும் மாறியிருப்பதும் சகஜம், அதை கேட்டுட்டு வாங்கலாம்.