கமகம் பேசும் ஒற்றை விரல்

திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா இசை நாட்டியக் கல்லூரியில் வயலின் பயிலும் மாணவருக்கு, ஸ்வரங்களை இழைத்து வாசிக்கும் கமகம் கைவரப் பல ஆண்டு சாதகம் வேண்டும். அதே கமகத்தை ஓர் இயந்திரம் வாசிக்குமா?

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் கல்வி நிறுவனத்தில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர், பேராசிரியர் கில் வைன்பெர்க்குடன் சேர்ந்து கர்நாடக இசைக்கென்றே ஒரு வயலின் ரோபோவை உருவாக்கினார். பெயர் 'ஹதானி'. வடிவமைப்பு விவரம் 2021இல் வெளியானது.

இந்த ரோபோவுக்கு ஒரே விரல்தான். சித்திரவீணையில் தந்தியின்மேல் கட்டை வழுக்கிச் செல்லும் முறையிலிருந்து எடுத்த அருமையான யோசனை. ஒரே தந்தியின்மேல் அந்த விரல் நகர நகர, ஸ்வரங்களுக்கு நடுவே இழையும் கமகம் பிறக்கிறது. கமகம் இல்லாமல் தோடி ராகம் ஏது!

வில்லுக்குப் பதில் சுழலும் அமைப்பு. அது சுழன்று தந்தியை உரசிக்கொண்டே இருப்பதால், வில்லைத் திருப்பாமலே நாதம் எவ்வளவு நேரமும் நீளும்.