மூட்டு வலிக்காரருக்குக் கொழுப்பு மாத்திரை எதற்கு?

"எனக்கு வலி விரல்ல டாக்டர். கொழுப்புக்கு எதுக்கு மாத்திரை?"

கேட்டவர் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து வெட்டிய அக்கா. வயது ஐம்பத்தாறு. கையோடு கொண்டுவந்த பையை மேசையில் கவிழ்த்தார். ஏழு மாதத்து சிம்வாஸ்டாட்டின், ஓர் அட்டைகூடப் பிரிக்காமல் விழுந்தது. முடக்குவாதத்துக்குக் கொடுத்த மெத்தோட்ரெக்சேட்டை மட்டும் வாரம் தவறாமல் போட்டிருக்கிறார். விரலைப் பார்த்தேன், மருந்து எழுதினேன். எழுந்து போனவர் கதவுப் பிடியில் கை வைத்தபடி, "ரெண்டு நாளா நெஞ்சு அடைக்குது, காத்துதான். மின்யாக் ஆங்கின் தேய்ச்சேன்" என்றார். இடது தோளும் வலித்ததாம். அதையும் மூட்டு வலிக் கணக்கில் எழுதிவிட்டார்.

ஈசிஜி எடுத்த கையோடு ஆம்புலன்சுக்குச் சொன்னேன். அக்கா பிழைத்துக்கொண்டார். இதயத் தசையில் ஒரு பங்கு பிழைக்கவில்லை.

இது ஒருவர் கதை என்றால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எங்கள் மலைப்பகுதியில் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜாவரை, முடக்குவாதத்தோடு இருக்கும் நம் மக்களில் பலர் ஸ்டாட்டின் என்ற இந்தக் கொழுப்பு மாத்திரையை வாங்கி அலமாரியில் அடுக்குகிறார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்துகிறார்கள். நெஞ்சு அடைத்தால் காற்று என்கிறார்கள். கடைசியில் வருகிறார்கள், நேரம் கடந்து.

வீக்கம் விரலோடு நிற்பதில்லை

முடக்குவாதத்தில் உடம்பின் காவல் படையே மூட்டுகளைத் தாக்குகிறது. அந்த அழற்சி இரத்தக் குழாய்ச் சுவரையும் விடாது. அதனால்தான் முடக்குவாதம் உள்ளவருக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. ஐரோப்பிய மூட்டுநோய் வல்லுநர்களின் வழிகாட்டுதல், வழக்கமான இதய ஆபத்துக் கணக்கு எவ்வளவு காட்டுகிறதோ அதை 1.5ஆல் பெருக்கச் சொல்கிறது.

நம்மவர்களுக்கு இது இரட்டைச் சுமை. மலேசிய மூட்டு நோய்க் கிளினிக்குகளில் மக்கள்தொகைப் பங்கைவிட இந்தியர்கள் கூடுதலாகவே உட்கார்ந்திருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டையும் தாண்டியது. முடக்குவாதமும் இனிப்பு நீரும் ஒரே உடம்பில் குடியிருந்தால் இதயத்தைப் பற்றிக் கவலைப்படாத மருத்துவர் மருத்துவரே அல்ல.

"ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு?"

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நேரம் செலவிடுவேன். ஏனென்றால் இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

மூட்டுகள் வீங்கிக் கொதிக்கும் சமயத்தில் இரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு இறங்கிவிடும். அழற்சியே அதைக் கீழே தள்ளுகிறது. தாளில் அழகான எண் வரும். குழாய்க்குள் சேதம் நடந்துகொண்டிருக்கும். சரியான மருந்து கொடுத்து வீக்கம் அடங்கியதும் அதே எல்டிஎல் ஏறும். உடனே, "பாத்தீங்களா, உங்க மருந்து கொழுப்பை ஏத்திடுச்சு" என்று சண்டைக்கு வருவார்கள். மருந்து ஏற்றியதாகத் தெரிவதில் பெரும்பகுதி, நோய் அமுக்கி வைத்திருந்தது பழைய நிலைக்குத் திரும்பியதுதான். (டோஃபாசிட்டினிப் போன்ற சில புதிய மருந்துகள் கொழுப்பைக் கூட்டுவதும் உண்டு. அதைக் கவனிப்பது எங்கள் வேலை.)

ஆகவே நோய் அடங்கியிருக்கும்போது எடுத்த அறிக்கையைத்தான் நம்ப வேண்டும். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் முடியாது. வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை, சிகரெட், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

யார் போட வேண்டும், யார் யோசிக்கலாம்

மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர் என்றால் பேச்சே இல்லை, போட வேண்டும். நாற்பது வயதைக் கடந்து நீரிழிவும் உள்ளவர், அநேகமாகப் போட வேண்டும். முடக்குவாதம் மட்டும் இருக்கிறது, வயது முப்பத்தைந்து, புகைப்பதில்லை, அழுத்தம் சரி என்றால் அவசரம் இல்லை. அவருக்கு நான் முதலில் சொல்வது, மூட்டு மருந்தை ஒழுங்காகப் போட்டு அழற்சியை அடக்குங்கள் என்பதே. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டியவர்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2008இல் வந்த ஜூப்பிட்டர் ஆய்வு 17,802 பேரை எடுத்துக்கொண்டது. எல்டிஎல் அதிகமில்லாதவர்கள், ஆனால் அழற்சியைக் காட்டும் சிஆர்பி கூடியவர்கள். ரோசுவாஸ்டாட்டின் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 44 விழுக்காடு குறைந்தன. இதைக் காட்டி முடக்குவாதக்காரர் எல்லாரும் போட வேண்டும் என்று சிலர் பேசினார்கள். அது சரியல்ல, கடுமையான மூட்டழற்சி உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. முடக்குவாதக்காரர்களுக்கென்றே பிரிட்டனில் டிரேஸ் ஆய்வு நடந்தது. ஏறக்குறைய 3,000 பேர், அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம். எதிர்பார்த்ததைவிட மாரடைப்புகள் குறைவாக இருந்ததால் பாதியில் நிறுத்தினார்கள். மாத்திரை போட்ட குழுவில் மூன்றில் ஒரு பங்கு குறைவு தெரிந்தது. ஆனால் அது தற்செயல் அல்ல என்று அடித்துச் சொல்ல எண்ணிக்கை போதவில்லை. பக்க விளைவுகள் வெற்று மாத்திரை போட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு. மற்றவர்களைப் போல இவர்களுக்கும் மாத்திரை பலன் தரும், தனிப்பட்ட கெடுதல் இல்லை என்பதே என் புரிதல்.

எல்டிஎல் ஒரு மில்லிமோல் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது பல பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த முடிவு. அது முன்பே ஆபத்து கூடியவருக்குப் பெரிய லாபம், ஆபத்து குறைந்தவருக்குச் சின்ன லாபம்.

கேட்டுக் கேட்டு அலுத்த கதைகள்

"எனக்குக் கொழுப்பா? யாரைக் கேட்டாலும் நான் சாது என்பார்கள்" என்று ஒரு தாத்தா சிரிக்காமல் சொன்னார். நம் மொழியில் கொழுப்பு என்றால் திமிர் என்றும் பொருள் இருப்பதால் வந்த சங்கடம். மெலிந்தவருக்கும், சாதுவுக்கும் கொழுப்பு உண்டு ஐயா.

"நாங்க மலையேறி உழைச்ச உடம்பு." உண்மைதான். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய பிறகு காடு வெட்டி இந்தச் சரிவுகளைப் பச்சையாக்கிய கைகளின் பேரப்பிள்ளைகள் நீங்கள். ஆனால் இன்று தோட்டத்தில் வெட்டும் கருவியைப் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். நீங்கள் ஓய்வெடுத்து, பசியாற நாசி லெமாக் சாப்பிட்டு, மாலையில் இரண்டு குவளை தே தாரிக் குடிக்கிறீர்கள். பாட்டி ஏறிய மலை உங்கள் இரத்தக் குழாய்க்கு வரவில் சேராது.

"தேத்தண்ணி கொழுப்பைக் கரைக்கும், நாங்க தேயிலையிலேயே பொறந்தவங்க." தேநீர் எல்டிஎல்லைக் கொஞ்சம் குறைக்கலாம், மாத்திரைக்கு ஈடாகாது. அதுவும் கெட்டிப் பால் இரண்டு கரண்டி ஊற்றிய தேநீருக்கு அந்தப் பெருமையும் இல்லை.

"தசையை அரிச்சிடும்." இதுதான் எல்லாவற்றுக்கும் தாய்க்கதை. 2022இல் வெளியான 19 ஆய்வுகளின் தொகுப்பில், ஸ்டாட்டின் போட்டவர்களில் 27.1 விழுக்காட்டினரும் வெற்று மாத்திரை போட்டவர்களில் 26.6 விழுக்காட்டினரும் தசை வலி என்றார்கள். வித்தியாசத்தை நீங்களே கழித்துப் பாருங்கள். உண்மையான தசைச் சேதம் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒருவருக்கு என்ற கணக்கில் வருவது.

ஆனால் முடக்குவாதக்காரருக்கு ஏற்கெனவே வலி இருக்கிறதே, எந்த வலி எதனுடையது என்று எப்படித் தெரியும்? இது நியாயமான கேள்வி. விரல் கணுவில் வீக்கம், காலையில் குளிரில் கை மடக்க முடியாமல் அரை மணி, ஒரு மணி இறுகிக் கிடப்பது, கொஞ்சம் வேலை செய்ததும் தளர்வது: அது உங்கள் பழைய நோய். தொடை, இடுப்பு, கெண்டைக்கால் இரு பக்கமும் ஒன்றாக வலிப்பது, மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் வந்தது, குந்தி உட்கார்ந்தால் எழ முடியாத தளர்ச்சி: அப்போது மாத்திரையைச் சந்தேகிக்கலாம். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மற்றபடி ஓர் இரத்தச் சோதனை செய்து, அளவைக் குறைத்தோ வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றியோ பார்க்க வழி இருக்கிறது. "நிறுத்திட்டேன்" என்று ஆறு மாதம் கழித்துச் சொல்வது வழி அல்ல.

"மூட்டுக்கும் இதுவே மருந்தாமே?" பழைய சிறிய ஆய்வொன்றில் அட்டோர்வாஸ்டாட்டின் வீக்கத்தைக் கொஞ்சம் குறைத்தது, உண்மை. அதை நம்பி மெத்தோட்ரெக்சேட்டை விட்டால் விரல்கள் கோணிவிடும்.

ஜாமு பாக்கெட்டும் சிவப்பு அரிசியும்

இதைப் பற்றி எழுதும்போது என் எழுத்து கொஞ்சம் சூடாகும், மன்னியுங்கள்.

"டாக்டர் மாத்திரை கெமிக்கல், எனக்கு இயற்கைதான் ஒத்துக்கும்" என்று சொல்லிவிட்டு, சீன மருந்துக் கடையில் சிவப்பு ஈஸ்ட் அரிசி வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அதில் உள்ள மோனகோலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினும் ஒரே பொருள். அதே மருந்தை, எவ்வளவு என்று தெரியாமல், கூடுதல் காசு கொடுத்து விழுங்குகிறீர்கள். சிலவற்றில் சிறுநீரகத்துக்கு ஆகாத சிட்ரினின் என்ற பூஞ்சை நஞ்சும் கலந்திருப்பதுண்டு. ஏற்கெனவே ஸ்டாட்டின் போடுபவர் இதையும் சேர்த்தால் இரட்டை அளவு.

அடுத்தது பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும், ஜாமு என்ற மூட்டு வலி மூலிகை மருந்து. இரண்டே நாளில் வலி பறந்துவிடும். ஏன் பறக்காது? நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இப்படிப்பட்ட பாக்கெட்டுகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது சர்க்கரையை, அழுத்தத்தை, கொழுப்பை ஏற்றும், எலும்பை அரிக்கும். முகம் வட்டமாக உப்பி வருபவரைப் பார்த்ததும் எனக்குப் பாதி புரிந்துவிடும். பாக்கெட்டில் மால் என்று தொடங்கும் பதிவு எண் இல்லையென்றால் தொடாதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. எங்களிடம் சொல்லி நிறுத்துங்கள்.

ஈப்போவுக்கு இறங்குபவர்கள் வாங்கி வரும் தம்புன் பம்ப்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் பழத்தின் தாய் முறை. நிறையச் சாப்பிட்டால் சிம்வாஸ்டாட்டினின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். ஒரு சுளைக்குப் பயம் வேண்டாம். தினமும் சாப்பிடுபவர் சொல்லிவிடுங்கள். இருமலுக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின், கவுட்டுக்குக் கொடுக்கும் கோல்ச்சிசின், சிலருக்குத் தரும் சைக்ளோஸ்போரின் இவையும் ஸ்டாட்டினோடு மோதும். மெத்தோட்ரெக்சேட் போட்டுக்கொண்டே சம்சு குடிப்பவருக்குச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை, கல்லீரல் சொல்லும்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் ஸ்டாட்டினையும் மெத்தோட்ரெக்சேட்டையும் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் பேசியாக வேண்டும்.

பரிசோதனை

மாத்திரை போடுபவருக்குத் தேவை கொழுப்பு, சர்க்கரை, கல்லீரல் நொதி; தசை வலி கடுமையானால் தசைச் சேதத்தைக் காட்டும் சிகே. அவ்வளவுதான்.

கும்பிட்டுக் கேட்கிறேன்

மூட்டு நிபுணரைப் பார்க்க ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ இறங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வளைவுச் சாலையில் தலை சுற்றி, ஒரு நாள் சம்பளம் போய், மகனிடம் கார் கேட்டு நிற்கும் கஷ்டமும் தெரியும். அதற்காகத்தான் சொல்கிறேன், பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானுக்காவது தவறாமல் போங்கள். சிகரெட்டை இன்றே விடுங்கள். முடக்குவாதத்துக்கும் இதயத்துக்கும் ஒருசேர எதிரி அது. கெட்டிப் பாலைக் குறையுங்கள். மாத்திரை வேண்டாம் என்று தோன்றினால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை வரும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், ஜாமு பாக்கெட்டையும் சேர்த்து, ஒரே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். நெஞ்சு அடைத்தால் மின்யாக் ஆங்கினைத் தேடாதீர்கள், 999ஐ அழையுங்கள்.