எந்த அடி? எந்த சர்வர்?

சேமிப்பு சர்வர்களைக் கவனிக்க ஏ.ஐ. ஏஜென்ட்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு எழுதித் தரும் நான்கு வரி தெளிவாக இல்லையென்றால் தகவல் போய்விடும்

பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் பரம்பிக்குளம் அணையை இயக்குவது தமிழகம். அது நிரம்பினால் தமிழ்ப் பத்திரிகைகளில் 72 அடி. கடல் மட்டக் கணக்கில் அதுவே 1,825 அடி. இரண்டும் சரிதான். இடுக்கியில் இன்னும் வேடிக்கை. முல்லைப் பெரியாறில் உச்ச நீதிமன்றம் 2014-ல் அனுமதித்தது 142 அடி. அங்கே மிஞ்சும் தண்ணீர் போய்ச் சேருவது இடுக்கி அணைக்கு. அதன் முழு மட்டமோ 2,403 அடி. மேலே இருக்கும் அணைக்கு 142, கீழே இருப்பதற்கு 2,403!

குமுளிக்காரருக்கு இதில் குழப்பம் கிடையாது. எது தரைக் கணக்கு, எது கடல் மட்டக் கணக்கு என்பது அவருக்குப் பழக்கம். ஆனால் ‘நீர்மட்டத்தைத் தரும்’ என்று மட்டும் எழுதிய ஒரு கருவியை ஏ.ஐ. ஏஜென்ட்டிடம் கொடுத்தால், அது இரண்டு எண்களையும் ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிடக்கூடும்.

தண்ணீரைத் தேக்கும் அணைக்குள்ள இந்தச் சிக்கல், தகவலைத் தேக்கும் சர்வருக்கும் உண்டு. ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தங்கள் ஃபைல்களைப் போட்டு வைக்கும் பொதுப் பெட்டிதான் நெட்வொர்க் ஸ்டோரேஜ் சர்வர். இடம் எவ்வளவு மிச்சம், எந்த டிஸ்க் பழுது, நகல் எடுத்தாயிற்றா என்று கவனிக்கும் வேலையை இப்போது ஏஜென்ட்களிடம் கொடுக்கிறார்கள். அவற்றை இத்தகைய கருவிகளுடன் இணைப்பதற்கு ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் எம்.சி.பி. என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. இதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், கேட்கும் விவரங்கள், ஒரு விளக்கம். உள்ளே ஓடும் புரோகிராம் ஏஜென்ட்டின் கண்ணில் படுவதில்லை. எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பதை அது முடிவு செய்வது இந்தச் சில வரிகளைப் படித்துத்தான்.

முதல் சிக்கல் அளவு. ஒரு டெராபைட் என்று விற்கும் டிஸ்க்கை கம்ப்யூட்டர் 931 என்று காட்டும். திருட்டு இல்லை, ஒன்று ஆயிரத்தால் பெருக்கிய கணக்கு, மற்றது 1,024-ஆல். ‘அளவு: 500’ என்று மட்டும் சொன்னால் ஏஜென்ட் எதை எடுத்துக்கொள்ளும்?

அடுத்தது பெயர். மனிதர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் என்ஜினியர் ஒருவர், துணை சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரில் அழித்தார். ஓரிரு நொடிகளில் நிறுத்தியும் 300 ஜி.பி.யில் மிஞ்சியது சுமார் 4.5 ஜி.பி. மீட்டபோது சுமார் ஆறு மணி நேரத் தகவல் திரும்பி வரவே இல்லை. இரண்டு சர்வர்களின் பெயர்களுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் எண்: டி.பி.1, டி.பி.2.

மிக ஆபத்தானவை சாதுவாகத் தோன்றும் வார்த்தைகள். இசட்.எஃப்.எஸ். வகை சர்வர்களில் ‘ரோல்பேக்’ என்றொரு கட்டளை உண்டு. ‘பழைய நிலைக்குத் திருப்பும்’ என்று எழுதினால் மருந்து போலத்தான் தெரியும். தொலைந்த ஒரு ஃபைலைத் தேடும் ஏஜென்ட் அதைத் தாராளமாகக் கையில் எடுக்கும். நல்ல விளக்கம் இப்படி இருக்க வேண்டும்: ‘இந்த டேட்டாசெட் முழுவதையும் குறிப்பிட்ட ஸ்நாப்ஷாட்டின் நிலைக்குத் திருப்பும். அதற்குப் பிறகு எழுதிய அனைத்தும் அழியும், மீட்க முடியாது. ஒரு ஃபைல் மட்டும் வேண்டுமென்றால் இதைப் பயன்படுத்த வேண்டாம். ஸ்நாப்ஷாட்டிலிருந்து நகல் எடுக்கும் கருவியைப் பயன்படுத்தவும். சர்வரின் முழுப் பெயரைக் கேட்டுப் பெறவும், ஊகிக்க வேண்டாம்.’ நீளம்தான். ஆனால் எப்போது தொடக்கூடாது என்பதையும் சொல்கிறது. பல விளக்கங்களில் விட்டுப்போவது அதுதான்.

எல்லைப் பகுதியில் இன்னொரு சங்கடமும் உண்டு. கொழிஞ்சாம்பாறையிலோ மூணாறிலோ ஒரே அலுவலகத்தில் தமிழும் மலையாளமும் புழங்கும். ‘பழைய ஃபைலை மாத்து’ என்றால் தமிழருக்கு அதற்குப் பதில் புதியதை வை என்று அர்த்தம். மலையாளியின் ‘மாற்று’ அங்கிருந்து அகற்று என்றும் ஆகும். விளக்கத்தில் ‘இடம் மாற்றும், அழிக்காது’ என்றோ, ‘சந்தேகம் வந்தால் கேட்கவும்’ என்றோ ஒரு வரி இல்லாவிட்டால் ஏஜென்ட் ஏதாவது ஓர் அர்த்தத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

எம்.சி.பி.யில் 2025 மார்ச் முதல் ‘படிக்க மட்டும்’, ‘அழிக்கக்கூடியது’ என்று கருவிக்கு முத்திரை குத்தவும் வழி இருக்கிறது. ஆனால் இவை வெறும் குறிப்புகள் என்று அந்த நெறிமுறையே எச்சரிக்கிறது. விளக்கம் பூட்டு அல்ல. அழிக்கும் அதிகாரத்தை ஏஜென்ட்டின் கணக்குக்குத் தராமல் வைப்பது சர்வரில் தனியாகச் செய்ய வேண்டிய வேலை. அதைச் செய்த பிறகும் நான்கு வரியைக் கவனமாக எழுத வேண்டியிருக்கிறது: அனுமதித்த வேலையையே தப்பான சர்வரில் செய்துவிட்டால் எந்தப் பூட்டும் தடுக்காது.