கம்ப்யூட்டர் வந்தும் ஓயாத பேனா

திருவனந்தபுரம் வந்து சேரும் தமிழர் புதிதாகக் கற்க வேண்டாத மலையாளச் சொற்களில் ஒன்று பேனா. வங்கியிலோ, தபால் ஆபீசிலோ பக்கத்தில் நிற்பவர், "ஒரு பேன தருமோ?" என்று கேட்டால் யாருக்கும் புரிந்துவிடும். கம்ப்யூட்டர் காலத்திலும் இந்தக் கேள்வி ஓயவில்லை.

1990ல் தொடங்கிய டெக்னோபார்க் உள்ள நகரம் இது. இங்குள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தும் நோயாளிகள் வருகின்றனர். மாநில அரசின் 'இ-ஹெல்த்' திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு, ஓ.பி. சீட்டும் கம்ப்யூட்டரில்தான் வருகிறது. ஆனால் பொதுவாக எந்த ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தாலும், நர்சின் பையில் பேனா இருப்பதைக் காணலாம். ஒன்றை யாராவது இரவல் வாங்கிப் போய்விடுவார்கள் என்று இரண்டு வைத்திருப்போரும் உண்டு.

எழுதாதது செய்யாதது

காரணம் எளிது. கம்ப்யூட்டர் மேஜையில் இருக்கிறது. நோயாளி படுக்கையில் இருக்கிறார். காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்த கையோடு குறிக்க வேண்டும். குளுக்கோஸ் பாட்டிலை எப்போது மாட்டினார்கள் என்பதை அதன் மீது ஒட்டிய சீட்டிலேயே எழுத வேண்டும். மருந்து கொடுத்ததும் நேரத்தைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும்.

இந்தக் கையெழுத்து வெறும் சடங்கு அல்ல. காலை ஷிப்டு நர்ஸ் ஊசி போட்டுவிட்டுக் குறிக்க மறந்தால், மதியம் வருபவர் அதே ஊசியை மறுபடி போட நேரலாம். 'எழுதாதது செய்யாததற்குச் சமம்' என்று நர்சிங் மாணவிகளுக்குக் கற்பிப்பது இதனால்தான்.

ஒரு புள்ளியின் விலை

எழுதினால் மட்டும் போதாது. படிக்கும்படி எழுத வேண்டும். அரை மில்லிகிராமை '.5' என்று குறித்தால், அவசரத்தில் புள்ளி மறைந்து 5 ஆகிவிடும். மருந்து பத்து மடங்கு! '0.5' என்று எழுதினால் அந்த அபாயம் குறைவு. அதேபோல '1.0' என்பது 10 ஆகத் தெரியலாம். வெறும் 1 போதும். மருந்துப் பெயர்களைத் தெளிவாக, கூடுமானால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016ல் இந்திய மருத்துவ கவுன்சில் டாக்டர்களுக்கு விதி வகுத்தது.

பரீட்சை மண்டபத்தில்

மாணவர்கள் கதையும் இதுவே. கேரளத்தில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 45,000 வகுப்பறைகள் 'ஹை-டெக்' ஆக்கப்பட்டன. எனினும் ஆண்டுதோறும் எஸ்.எஸ்.எல்.சி. எழுதும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பாடப் பரீட்சைகளுக்குப் பேனாவோடுதான் செல்கின்றனர். கம்ப்யூட்டரில் நடப்பது ஐ.டி. பரீட்சை. மற்றவற்றில் முதல் 15 நிமிடம் வினாத்தாளைப் படிக்க மட்டுமே. அதன் பிறகுதான் விடை எழுதத் தொடங்க வேண்டும். பின்னர் இறுதி மணி அடிக்கும் வரை விரல்களுக்கு ஓய்வில்லை. ஒரு வரி கூட எழுதிப் பழகாமல் திரையை மட்டும் பார்த்துப் படித்த பிள்ளைக்கு, அன்று கை வலிக்கும், நேரமும் போதாது.

பத்திரிகைக்காரர் தந்த பேனா

இன்று நர்சும் மாணவரும் வைத்திருக்கும் பால்பாயின்ட் பேனாவை உருவாக்கியவர் ஹங்கேரி நாட்டுப் பத்திரிகையாளர் லாஸ்லோ பிரோ. அச்சு மை சீக்கிரம் உலர்வதையும், பேனா மை தாளில் பரவிக் கறையாவதையும் கண்ட அவர், கெட்டி மையைச் சிறு உருண்டையின் மூலம் தாளில் இறக்கும் வழியைத் தேடினார். 1938ல் காப்புரிமை பெற்றார். மை சிந்தாத இப்பேனா, நின்றுகொண்டே எழுதுவோருக்குப் பெரும் வசதி.

வசதியோடு ஒரு தொல்லையும் வந்தது. முன்பு மை ஊற்றிய பேனா பல ஆண்டு உழைத்தது. இப்போது மை தீர்ந்ததும் பேனாவே குப்பைக்குப் போகிறது. கேரள அரசின் ஹரித கேரளம் மிஷன், தீர்ந்துபோன பேனாக்களைப் பள்ளிகளில் சேகரிக்க 'பென் ஃபிரண்ட்' திட்டத்தைக் கொண்டுவந்தது. ரீபிள் மட்டும் மாற்றி எழுதினாலும் இந்தக் குப்பை குறையும்.

பிறர் கையை நம்பாமல்

இரவல் பேனாவிலும் ஒரு சங்கடம் உண்டு. பலர் கை பட்ட பேனாவில் கிருமிகளும் ஒட்டிக்கொள்கின்றன. 2020ல் கொரோனா பரவியபோது, சொந்தப் பேனா கொண்டு வரும்படி பல இடங்களில் கேட்டுக்கொண்டது நினைவிருக்கலாம்.

வெளியூரில் பிழைக்க வந்தவருக்குப் பேனா இன்னொரு வகையிலும் துணை. நம்மவர் பெயரில் இனிஷியல் எது, தந்தை பெயர் எது என்ற குழப்பம் பாரங்களில் அடிக்கடி எழுகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் பாரத்தைக் கொடுத்து எழுதச் சொன்னால், அவர் காதில் விழுந்தபடி எழுதுவார். அதுவே கம்ப்யூட்டரிலும் ஏறிவிடும். ஆதார் அட்டையில் உள்ளபடி, நம் கையால், நிறுத்தி எழுதிக் கொடுத்தால் பிறகு திருத்தத்துக்காக அலைய வேண்டாம். அதற்குத் தேவை, சட்டைப் பையில் ஒரு பேனா.